சுமாரான பன்றி

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாம் குடிலின் கூரை ஓலை மறுபடி நழுவிவிட்டது. காலையெல்லாம் ஏணியில்தான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஃபாலானிகோ, "எறங்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். "உங்களுக்கு ஊர்ச்சபை இருக்குல்ல, போங்கண்ணா" என்று அனுப்பிவிட்டேன். கணவர் போன பிறகு மகளோடு அண்ணன் நிலத்துக்குத் திரும்பி வந்த அன்றே முடிவு செய்தது அது. மண் அவருடையது, மற்றதெல்லாம் என் கையால். கடற்கரையில் ஆறு குடில்கள். அவற்றில் வந்து தங்குகிற வெளிநாட்டாரால்தான் மகள் தலைநகர் ஆப்பியாவில் ஆசிரியர் படிப்புப் படிக்கிறாள். இதுவரை அண்ணனிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. வேறு யாரிடமும் கேட்டதில்லை. பெருமை என்று சொன்னால் சொல்லட்டும்.

மத்தியானப் பேருந்தில் ஒரு ஜெர்மன்காரம்மா வந்து இறங்கினார். ஹன்னலோரெ என்று பெயர். "ஹானான்னே கூப்பிடுங்க" என்றார். டிராம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவராம். வண்டியின் மிதியை அழுத்தி அழுத்தியே ஒரு முழங்கால் போய்விட்டது. நல்ல உயரம். எங்கள் வீடுகளில் குனிந்து நுழைவது மரியாதை. அவருக்கு அந்த மரியாதை உயரத்தாலேயே வந்துவிட்டது.

கையில் ஒரு நடைகோல். கைப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. "கோல் ரொம்ப நல்லா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நம் ஊரில் ஒருவர் பொருளை அப்படிப் புகழ்ந்தால், அவர் அதை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நல்லவேளை, அந்த அம்மாளுக்கு அது தெரியாது. "என் வீட்டுக்காரர் செதுக்கினது. இப்ப அவர் இல்ல" என்று சொல்லி, கோலைத் தூணில் சாய்த்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனார்.

ஜூலை 2, புதன்

ஹானா காலையிலேயே அடுப்படிக்கு வந்து நின்றார். "உங்க ஊர்ல என்னென்ன விதி இருக்கோ எல்லாத்தையும் சொல்லிடுங்க. விதி தெரிஞ்சா எனக்கு எதுவும் கஷ்டமில்ல. தெரியாமப் போறதுதான் பயம்."

இதுவரை வந்தவர்களில் இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, ஆனால் முகத்தை உம்மென்றே வைத்துக்கொண்டேன். சீமைப்பலா தோலைச் சீவிக்கொண்டே சொன்னேன். ஊருக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். நீச்சல் உடை கரையோடு சரி. நடந்துகொண்டே தின்னக்கூடாது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் நின்றபடி பேசக்கூடாது. அவர்கள் முன்னால் கடந்துபோக வேண்டியிருந்தால் குனிந்து, "துலோ", அதாவது மன்னிக்கணும், என்று சொல்லிவிட்டுப் போகணும். பாயில் உட்கார்ந்தால் காலை யார் பக்கமும் நீட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கவே கூடாது. சாயங்காலம் சங்கு ஊதினால் எங்கே இருக்கிறாரோ அங்கேயே உட்கார்ந்துவிடணும், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் நடக்கும், அடுத்த சங்கு ஊதும்வரை தெருவில் ஒரு ஜீவன் நடக்கக்கூடாது.

"மீறினா என்னை என்ன செய்வாங்க?"

"உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றேன். உண்மைதான். விருந்தாளியை ஊரில் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். விருந்தாளி செய்ததற்கு வீட்டுக்காரர்தான் ஊர்ச்சபைக்கு அபராதம் கட்டவேண்டும். போன வருஷம் ஒரு நியூசிலாந்துப் பையன் ஞாயிற்றுக்கிழமை அலைமேல் பலகை வைத்து ஏறி நின்றான். அதற்கு முன் ஒரு ஜோடி, துணி போதாமல் தேவாலய வாசலில். இரண்டு தடவையும் அண்ணன்தான் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையின் பேச்சாளர் சாவெலியோ மட்டும், "இன்னொரு தடவை நடந்து, சொன்ன நாளுக்குள்ள அபராதம் வரலேன்னா, அந்தக் குடில்களை மூடிட வேண்டியதுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இதையெல்லாம் ஹானாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் மூச்சுவிடக்கூட யோசிப்பார்.

புகழ்ந்தால் கொடுப்போம் என்பதையும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? "எங்க பொருளைப் புகழாதீங்க" என்று விருந்தாளியிடம் சொன்னால், கொடுக்க மனமில்லாதவள் என்று நானே பறைசாற்றிக்கொள்வதாகும்.

ஜூலை 4, வெள்ளி

என் தலைச்சீப்பு போயிற்று. இடுப்பில் சுற்றுகிற பூப்போட்ட லாவாலாவாத் துணி போயிற்று. பக்கத்து வீட்டு விசிறி போயிற்று. எல்லாம் ஹானா குடிலில் இருக்கின்றன. அந்த அம்மாள் எதைப் பார்த்தாலும் மனம் விட்டுப் புகழ்கிறார். பொய்ப் புகழ்ச்சி என்றால் கோபமாவது வரும். கண் விரிய, உண்மையாகவே ரசித்துச் சொல்கிறாரே. கொடுக்கும்போது எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. இரவு தலை வாரும்போதுதான் சீப்பு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

தேவாலயத்துக்கு ஹானாவும் வந்தார். வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி. கடைக்காரி சியெனியிடம் வாங்கியதாம். "அங்க மட்டுந்தான் நான் எதைப் புகழ்ந்தாலும் காசு வாங்கிக்கறாங்க" என்றார் சாதாரணமாக. எனக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டு வருகிறாரோ?

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சுட்ட கல்லில் வெந்த சேம்பு, தேங்காய்ப்பாலில் சேம்பிலை, மீன். எல்லாரும் சம்மணமிட்டு உட்கார, ஹானாவின் கால் மட்டும் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார், முகம் சிவந்தது. நான் எழுவதற்குள் அண்ணன் எழுந்து, உள்ளேயிருந்து தன் சொந்தப் பாயை எடுத்துவந்து, நீட்டிய அந்தக் காலின் மேல் போர்த்திவிட்டார். பாய் போர்த்திய கால் நீட்டிய கால் ஆகாது. போர்த்திவிட்டு, தன் இடத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து மீனைத் தின்றார். ஊர்ச்சபையில் உட்காருகிற மனிதர் அடுத்தவர் காலடியில் குனிந்ததை அங்கே யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் அண்ணன்.

பிறகு வந்தது வினை. சாப்பிட்டுக் கை கழுவப் போன ஹானா, கொல்லையில் கட்டியிருந்த பெரிய ஆண் பன்றியைப் பார்த்துவிட்டார்.

"எவ்வளவு அழகு."

அண்ணன் காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.

"நான் பண்ணையில பொறந்தவ. இந்த மாதிரி முதுகு ஒரு பன்னிக்கும் பாத்ததில்ல."

அண்ணன் இருமினார்.

"மத்தலேனா, உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, இவன் ஒரு ராஜா."

அதற்குமேல் மனிதர் என்ன செய்வார். எழுந்தார், கயிற்றை அவிழ்த்தார், இலேசாகத் தலை குனிந்து, "உங்களுடையது" என்று ஹானா கையில் கொடுத்தார். அடுத்த மாதத் தேவாலயத் திறப்புக்கு எங்கள் பங்குப் பன்றி முன்னமே போய்விட்டது. மிச்சமிருந்த பெரியது இது ஒன்றுதான். மற்றவை குட்டிகள்.

ஹானா கயிற்றையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பன்றிக்கும் தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

பன்றி ஹானா தங்கியிருக்கிற இரண்டாம் குடில் தூணில் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டோ என்று பெயர் வைத்திருக்கிறார். டிராம் பணிமனையில் அவருடைய மேலதிகாரியின் பெயராம். "அந்தாளும் இப்படித்தான், மத்தியானம் பூரா தூங்குவான்." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜூலை 8, செவ்வாய்

ஐயோ.

சாயங்காலச் சங்கு ஊதியது. நான் பாயில் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். சங்குச் சத்தத்தில் மிரண்டோ என்னவோ, அந்த ஓட்டோ தூணிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஊருக்குள் ஓடியிருக்கிறது. ஹானா அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருக்கிறார். அண்ணன் கொடுத்த பன்றி, தொலைந்துபோனால் எவ்வளவு அவமரியாதை என்று நினைத்தாராம். அது ஒன்றுதான் அவர் மனதில் இருந்திருக்கிறது. நீச்சல் உடையோடு, சொட்டச் சொட்ட, அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு, கோலை ஆட்டிக்கொண்டு, "ஓட்டோ, நில்லு, ஓட்டோ" என்று கத்தியபடி—

தெருவோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. ஊர் நடுவிலிருக்கிற புல்வெளியில். எல்லா வீடும் அதைப் பார்த்துத்தான் இருக்கின்றன. எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது. போதகர் வீடு, சாவெலியோ வீடு, எல்லாரும் பாட்டு நடுவில். ஜெபவேளையில் தெருவைக் காக்க நின்ற வாலிபர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பன்றி சாவெலியோ வீட்டுப் படியில் போய் நின்றுவிட்டது. அங்கேதான் பிடித்தார். பிடித்துவிட்டு, அந்தக் கோலத்திலும், குனிந்து "துலோ" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

நான் சொல்லிக்கொடுத்த "துலோ". அழுவதா சிரிப்பதா தெரியலையே எனக்கு. குடில் போச்சு. அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

ஜூலை 9, புதன்

ஊர்ச்சபை காலையிலேயே கூடியது. பெண்கள் வெளியே. நான் தேங்காய் துருவுகிற சாக்கில் பக்கத்து வீட்டில் இருந்து கேட்டேன். சாவெலியோ பேச்சாளருக்கு உரிய ஈ ஓட்டும் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பேச எழுந்தால் நாய்கூடக் குரைக்காது.

"வந்த அம்மா மேல குத்தமில்ல. கடைசியில மரியாதையும் சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆனா ஜெபவேளை ஜெபவேளைதான். ஃபாலானிகோ வீட்டுக்கு அபராதம் ஒரு பெரிய பன்னி, பத்துப் பெட்டி மீன் டின். சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள. இல்லேன்னா முன்னமே சொன்னதுதான்."

அண்ணன் தலை குனிந்து, நன்றி சொன்னார். அபராதம் விதித்தவர்களுக்கு நன்றி. வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "மூணாம் குடில் ஓலை சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

டின்களுக்கு வழியிருக்கிறது. பன்றிக்கு எங்கே போவது? தேவாலயத் திறப்புக்காக ஊரில் எல்லா வீட்டிலும் பெரிய பன்றிகள் எண்ணி வைக்கப்பட்டுவிட்டன. அக்கம்பக்கத்து ஊர்களிலும் அதே கதை. இந்தக் கடற்கரையிலேயே பெரிய பன்றி, யாருக்கும் சொல்லிவைக்காத பன்றி, ஒன்றே ஒன்று இருக்கிறது. அது என் இரண்டாம் குடில் தூணில் கட்டியிருக்கிறது. அதன் சொந்தக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அதற்குப் பப்பாளிப்பழம் ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என்பது எங்கள் நாட்டில் கிடையாது. ஜாடையாகக்கூட. அண்ணன் செத்தாலும் கேட்கமாட்டார்.

ஜூலை 10, வியாழன்

இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று? காலையிலிருந்து பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார். தோள் மூடி, முழங்கால் மூடி, தலையில் பூ வேறு.

முதலில் என்னிடம் வந்து நின்றார். "மத்தலேனா, நம்ம ஓட்டோ இன்னைக்கு எப்படி இருக்கான்?"

நல்லா இருக்கான் என்று சொன்னால் போச்சு. விருந்தாளியிடமிருந்து பறித்ததாகிவிடும். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அண்ணன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் பன்றியைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்து, "கால் குட்டை" என்றாராம். போதகர் மனைவி, "காது ஒரு மாதிரி இருக்கே" என்றாராம். கிணற்றடியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, வால் சரியில்லை, மூக்கு நீளம், நிறம் மங்கல் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் சாவெலியோ வீட்டு வாசலில் நிறுத்தினாராம். அந்த மனிதர் பன்றியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுமாரான பன்னி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாங்கிக்கொள்ளவேண்டிய ஆளே அவர்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கே கிடைத்திருக்கும். எங்கள் வீட்டு விருந்தாளியிடமிருந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடற்கரையிலேயே நல்ல பன்றி அது என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பொழுது முழுக்க ஓர் ஊரே வாய் கூசாமல் அதைத் திட்டியிருக்கிறது. இந்த ஊரில் பிறந்ததற்காக எனக்கு அப்படி ஒரு கர்வம் வந்தது. அதோடு, எல்லாரையும் நிற்கவைத்து அறையவேண்டும் போலவும் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும் ஊர்வலம். மறுபடியும் திட்டு. ஹானாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. ஈரத்துணி சுற்றிவிட்டேன். "இவ்வளவு ஏன் நடக்கறீங்க?" என்று கேட்டேன். "இவனுக்கு நடை நல்லது" என்றார். என் முகத்தையே பார்த்தார். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி.

சாயங்காலம் உப்பு வாங்கப் போனேன். கடைக்காரி சியெனி என்னைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து சிநேகம், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா இல்லையா? அந்த அம்மா இந்தக் காலை வெச்சுக்கிட்டு யாருக்காக நடக்கறாங்கன்னு நெனச்ச?"

"யாருக்கு?"

"உனக்குத்தான். புதன்கிழமையே எங்கிட்ட வந்து எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. பொருளு ஏன் வந்துக்கிட்டே இருக்குன்னு. சபை என்ன சொல்லுச்சுன்னு. நான் மறைக்கல. பன்னியத் திருப்பிக் குடுத்துடறேன்னு உடனே கெளம்பினாங்க. திருப்பிக் குடுத்தா மத்தலேனா அண்ணன் மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடும்னேன். அப்ப என்ன வழின்னாங்க. யாராச்சும் புகழ்ந்தா நீங்க குடுக்கலாம், தப்பில்லன்னேன். அன்னைக்கிலேருந்து அதுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி இழுத்துக்கிட்டு அலையறாங்க. நீங்க எல்லாரும் காது குட்டை, வால் நெட்டைன்னு—"

"அண்ணன் கொடுத்ததை அண்ணன் எப்படிப் புகழ முடியும்?"

"அண்ணன் முடியாது. நீ முடியும். நீயா குடுத்த? உன் வாய்க்கு என்ன கேடு?"

உப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் வாய்க்கு என்ன கேடு? தெரிந்தே புகழ்வது கேட்பதுதானே. கையேந்துவதுதானே. கணவர் இறந்தபோது ஒருவரிடமும் கேட்கவில்லை. குடில் கட்ட மரம் கேட்கவில்லை. மகள் கட்டணத்துக்குக் கேட்கவில்லை. இப்போது வந்து பத்து நாளாகிற ஒரு விருந்தாளியிடம்—

ஆனால் அந்த அம்மாள் கேட்கச் சொல்லித்தானே நடக்கிறார். வீங்கிய காலோடு. அண்ணனும் கேட்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன், நாளை சாயங்காலம் குடில்களை மூடுவார்கள், மகள் மூட்டை கட்டிக்கொண்டு வருவாள், அவளிடம் என்ன சொல்வேன்? உன் அம்மாவுக்கு ஒரு பன்றியைப் புகழ வாய் வரவில்லை என்றா?

ஜூலை 12, சனி

விடிந்ததும் இரண்டாம் குடிலுக்குப் போனேன். ஹானா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்றி தூங்கிக்கொண்டிருந்தது. நான் எதிரே மணலில் உட்கார்ந்தேன். என்னென்னவோ பேசினேன். மழை வருமா, காற்று எந்தப் பக்கம், காப்பி குடித்தீர்களா. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு பேச ஒன்றுமில்லாமல் போயிற்று.

எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஹானா, உங்க பன்னி ரொம்ப அழகா இருக்கு."

சொல்லி முடிக்கவில்லை. கயிறு என் மடியில் இருந்தது. எழுந்து நின்று, அண்ணன் அன்றைக்குக் குனிந்த மாதிரியே இலேசாகத் தலை குனிந்து, எங்கள் மொழியில் "உங்களுடையது" என்றார். அச்சு அசல் அண்ணன் மாதிரி. பிறகு தொப்பென்று உட்கார்ந்தார்.

"உங்க வாயிலேருந்து இது வர்றதுக்குள்ள எனக்கு இன்னொரு முழங்காலும் போயிருக்கும். இவன் குறட்டையில ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்டு வாங்கிய முதல் பொருள் ஒரு பன்றி. கேட்பது இவ்வளவு சின்ன வேலையா? இத்தனை வருஷம் இதற்கா பயந்தேன்?

"பேர் வெச்சீங்களே, வருத்தமா இல்லையா?" என்றேன்.

"பண்ணையில எல்லாத்துக்கும் பேர் வெப்போம். அதுக்காக யாரும் பட்டினி கிடந்ததில்ல."

பன்றியை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் கையில் கயிற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கேட்டியா?"

"புகழ்ந்தேன்."

"நீயா?"

"நான்தான்."

சிரிக்கத் தொடங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு தூணும் போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்பா செத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட ஒரு வார்த்தை வாங்க ஜெர்மனியிலேருந்து ஆள் வரவேண்டியிருக்கு. எங்கிட்டயும் ஒரு நாள் ஏதாவது புகழேன்" என்றார்.

யோசித்தேன். "உங்க ஏணி நல்ல ஏணி" என்றேன். என்னுடையது ஒரு படி உடைந்துவிட்டது, உண்மையாகவே. பொழுது சாய்வதற்கு முன் பன்றியும் டின்களும் சபைக்குப் போயின. அதற்கு முன்பே ஏணி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று இரவே சபையில் பன்றியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். தலைவருக்கு ஒரு துண்டு, பேச்சாளருக்கு ஒரு துண்டு, வாலிபர்களுக்கு ஒன்று, யாருக்கு எது என்பது மாறாது. இன்று காலை சாவெலியோ வீட்டிலிருந்து ஹானாவுக்கு இலையில் சுற்றி ஒரு பங்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கிற துண்டு இல்லை. ஊர்ப் பெண்களுக்கு உரியது. எனக்கு வந்ததும் அதே துண்டுதான்.

ஹானா ருசித்துச் சாப்பிட்டார். "ஓட்டோ வேலையில இருந்தப்ப இவ்வளவு உபயோகமா இருந்ததில்ல" என்றார். அது எந்தத் துண்டு என்று நான் சொன்னேன். கையில் எடுத்ததைத் திரும்ப இலையில் வைத்தார்.

"அப்ப அடுத்த தடவை ஜெபவேளையில ஓடினா?"

"அபராதம் உங்களுக்குத்தான்" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஹானா போய்விட்டார்.

பேருந்துக்காகச் சாலையோரம் நின்றோம். அண்ணன் வந்திருந்தார், சியெனி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் மாலை போட்டோம். ஹானா எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"உங்க கடல் சுமார்தான்."

எல்லாரும் விழித்தோம்.

"குடில் ஒழுகுது. சியெனி கடையில தொப்பி மட்டம். இவர் மீன் சுட்டா கருகிடுது." அண்ணனைக் காட்டிச் சொன்னார். குரல் தடுமாறியது. "மத்தலேனா, உங்க காப்பி மாதிரி மோசமான காப்பிய நான் எங்கயும் குடிச்சதில்ல."

ஒன்றையும் புகழவில்லை. ஒன்றையும் எங்களிடமிருந்து எடுத்துப் போகக்கூடாது என்று. சியெனி முந்தானை மாதிரி லாவாலாவா நுனியால் மூக்கைச் சிந்தினாள். கடைசியில், "நீங்களும் பெரிய ஆளு ஒண்ணுமில்ல, போங்க" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து.

கொய்யாக் கிளை ஒன்றை ஊன்றிக்கொண்டு ஏறினார். அதை அண்ணனிடம் நேற்றே கேட்டு வெட்டி வாங்கினாராம். எதற்கு என்று அப்போது எனக்கு ஓடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், என் அடுப்படித் தூணில் அந்த நடைகோல் சாய்ந்து நிற்கிறது. முதல் நாள் நான் வாய் தவறிப் புகழ்ந்தது. அவர் கணவர் செதுக்கியது.

ஓடினேன். பேருந்து முனை திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆறு குடில்களிலும் ஆள். மகள் தேர்வில் தேறிவிட்டாள்.

சாயங்காலம் சாவெலியோ வந்தார். தேவாலயத் திறப்புக்கு வெளியூர் ஆட்கள் இரண்டு பேரை என் குடிலில் தங்கவைக்க முடியுமா என்று கேட்க வந்தாராம். சபை மூடச் சொல்லவிருந்த குடில்கள். நான் அதை நினைவுபடுத்தவில்லை, அவரும் இல்லை. "தாராளமா, ஐயா" என்றேன்.

எழுந்து போகும்போது தூணில் சாய்ந்திருந்த கோலைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்தார். கைப்பிடியைத் தடவினார், தரையில் ஊன்றிப் பார்த்தார். அவருக்கும் இப்போது நடை தளர்ந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

என் முகத்தைப் பார்த்தார். கோலைத் திரும்பத் தூணில் சாய்த்தார்.

"வளைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.